பழைய அம்பாசிடரும் தரைக் கியரும்

 

அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. ஆயினும் நம் ஹெப்பகோடியில் அதை வைத்திருப்போர் சிலர், ஸ்டியரிங் பக்கத்துக் கியர் லீவரை நீக்கித் தரையில் வேறு லீவர் பொருத்தலாமா என்று வினவுகின்றனர்.

அந்த லீவரின் அசைவு பல இணைப்புக் கம்பிகளின் வழியே கியர்ப்பெட்டியை அடைகிறது. மூட்டுகளிலுள்ள புஷ் தேய்ந்தால் கியர் சரிவர விழாது. கேபினில் லீவரை இழுத்தும் பாயின்ட் முழுதும் சேராதிருப்பது போன்றதே இது. ரயில்வேக்காரர்க்கு விளக்க வேண்டியதில்லை! முதற்கியர் என்றெண்ணிக் கிளப்பிய வண்டி, பிள்ளைகளுடன் ஓசூர்ச் சாலை நெரிசலில் பின்னோக்கி நகர்ந்தால் என்னாகும்? பலர் கியர்ப்பெட்டியையே குறை கூறுகின்றனர், அது நீதியன்று. முதலில் புஷ்களை மாற்றி, நியூட்ரலில் வைத்துக் கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். செலவும் சிறிது.

பின்னும் தரைக் கியரே வேண்டுமெனில், தரைத்தகட்டில் துளையிட நேரும். அதை ரப்பர் உறையால் நன்கு மூடாவிடில் வெப்பமும் புகையும் உள்ளே புகும். எல்லாக் கியரும், முக்கியமாக ரிவர்ஸ், முழுதும் விழுகின்றனவா என்று எஞ்சினை அணைத்துவிட்டுச் சோதித்தல் வேண்டும். முன்னிருக்கையில் நடுவே அமர்பவருக்குக் கால்வைக்க இடமும் இராது.

என் மைத்துனர் வண்டிக்குப் புஷ் மட்டுமே மாற்றினோம். லீவர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கிறது.