தாதியின் முகமும் நோயாளியின் வலியும்



அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். தாதிமை பயிலும் மாணவியருக்கு இது முதற்பாடம். புண்ணின் கட்டை அவிழ்க்கையில் தாதி முகஞ்சுளித்தால், நோயாளி கூச்சமுற்றுத் தம் வலியை மறைப்பார். மறைத்த வலிக்கு மருந்து கிட்டாது.

நாடி, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், மூச்சு ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாக அளக்கும் முறையை நம் சுகாதார அமைச்சு 2008-இல் மருத்துவமனைகளில் புகுத்தியது. எண்ணால் கூறவியலாத சிறுவர், சிரிப்பு முதல் அழுகை வரை வரைந்த முகப்படங்களைத் தொட்டுக் காட்டலாம்.

2020-இல் பெருந்தொற்றின்போது முகக்கவசம் புன்னகையை மறைத்தது. கண்களே ஆறுதல் கூறின.

ஆகவே, தாதி வினவும்போது "ஒன்றுமில்லை" என்னாது உள்ளபடி உரையுங்கள். தாதிமை பயிலும் நம் பிள்ளைகளும் நோயாளியைக் கனிந்த முகத்துடன் நோக்கப் பழகவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.