முற்றத்துப் பன்னீர் ரோசா



யாழ்ப்பாணத்து மங்கல நிகழ்ச்சி எதற்கேனும் நாம் சென்றால், வாயிலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு ஆகியவற்றோடு பன்னீர்ச் செம்பும் நம்மை வரவேற்கும். அப்பன்னீரின் மணத்தை அறியாதார் நம்முள் இலர். ஆயினும், அந்த மணத்திற்குரிய மலரை இன்று எத்தனை முற்றங்களில் காண்கின்றோம்? ஒரு தலைமுறைக்கு முன் நம் அன்னையர் கிணற்றடிக்கு அண்மையில் வளர்த்த பன்னீர் ரோசாவைக் குறித்தே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

இளஞ்சிவப்பு நிறம், நெருங்கி அடுக்கிய இதழ்கள், நிறைந்த மணம், காலையில் விரிந்து, மறுநாள் உதிரத் தொடங்கும் இயல்பு. இதுவே பன்னீர் ரோசா. பூக்கடையில் நீண்ட காம்போடு விற்கப்படும் ரோசா ஒரு கிழமை வாடாதிருக்கும். ஆனால் பெரும்பாலும் மணம் இராது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வரலாறு உண்டு. 1867ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரத்துக் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்னும் புதிய ரோசாவை வெளியிட்டார். அதற்கு முன்னரே வழக்கிலிருந்த இனங்களைப் 'பழைய தோட்ட ரோசாக்கள்' என்று வகுக்கும் மரபை அமெரிக்க ரோசாச் சங்கம் 1966இல் வரையறுத்தது. நம் பன்னீர் ரோசா அப்பழைய குடும்பத்தைச் சேர்ந்தது.

அதன் பிறப்பிடம் நமக்கு மிகத் தொலைவன்று. இந்துமாக் கடலில் மொரீசியசுக்கு அண்மையில் றியூனியன் என்றொரு தீவு உளது. முன்னாளில் அதற்குப் பூர்பொன் தீவு என்பது பெயர். அங்குள்ள உழவர்கள் சீன ரோசாவையும் தமஸ்கு ரோசாவையும் ஒருசேர வேலியாக நட்டிருந்தனர். அவ்வேலியில், மனிதர் எவரும் திட்டமிடாமலே, இரண்டும் கலந்து ஒரு புதுச்செடி தோன்றியது. அதற்கு 'எதுவார்' என்று பெயரிட்டனர். 1817இல் அத்தீவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரேயோன் அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டு உழவர்கள் எட்வர்ட் ரோசா என்றும் பன்னீர் ரோசா என்றும் வழங்குவது இவ்வினத்தையே. தமஸ்குவிடமிருந்து மணத்தையும், சீனத்திடமிருந்து ஆண்டு முழுதும் பூக்கும் குணத்தையும் பெற்ற செடி இது. வேலியிலே பிறந்த செடி, வேலிகளுக்குப் பேர்போன நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது பொருத்தமன்றோ!

நம்மவர் மலைநாட்டிற்குச் சுற்றுலாச் செல்லுங்கால் நுவரெலியாவிலும், 1861இல் நிறுவப்பட்ட ஹக்கலைப் பூங்காவிலும் பூத்துக் குலுங்கும் ரோசாக்களைக் கண்டு வியப்பர். வழியில் இரண்டு செடிகளை வாங்கி வந்து முற்றத்தில் நடுவர். மறுவருடமே ஒன்று பட்டுப்போகும். மற்றையதில் முள் மண்டிய கொப்புகள் ஓங்கி, பூ வேறாகிவிடும். காரணம் யாது? அவை பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். மேலே ஓர் இனம். கீழே வேர் வேறோர் இனம். நம் வெயிலில் மேற்பகுதி இறக்க, அடிவேரிலிருந்து கிளம்பும் தளிர் ஆட்சியைக் கைப்பற்றிவிடுகின்றது. பன்னீர் ரோசாவோ தன் வேரிலேயே நிற்பது. அடிவரை வெட்டுண்டாலும் மீண்டும் தானாகவே துளிர்க்கும்.

இனி அதனை வளர்க்கும் முறையைக் கூறுகின்றேன். வீட்டின் கிழக்குப்புறம் அதற்கு உகந்தது. காலை வெயில் நன்றாகப் படவேண்டும். பிற்பகல் வெயில் சிறிது குறைந்தால் நலம். ஒன்றரை அடி ஆழமும் அகலமுமாகக் குழி தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் கலந்து நிரப்புக. நம் முன்னோர் தோட்டங்களில் பூவரசங்குழை தாழ்த்தியதை நினைவுகொள்ளுங்கள். ரோசாவுக்கும் அதுவே நல்லுணவு.

இங்கே நாம் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் சிவப்பு, இரும்பினால் வந்தது. ஆயினும் அம்மண்ணிலேயே ரோசாவின் இளந்தளிர் இரும்புச் சத்தின்றி மஞ்சளாவதைக் காண்கின்றோம். நரம்புகள் மட்டும் பச்சையாயிருக்கும். அடியில் இருப்பது சுண்ணக்கல். கிணற்றிலிருந்து அள்ளும் நீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. சுண்ணாம்பு மிகுந்தவிடத்து இரும்பு கரையாது. கரையாததை வேர் உறிஞ்சாது. செல்வம் பெட்டகத்திலிருக்க, திறவுகோல் தொலைந்த நிலை எனலாம். ஆகவே அடுப்புச் சாம்பலைச் செடியடியில் கொட்டாதீர்கள். அது காரத்தை மேலும் கூட்டும். மக்கிய எருவை மாதந்தோறும் இடுங்கள். மாரியில் கூரைநீரைத் தொட்டியில் பிடித்து, இயன்றவரை அதனையே ஊற்றுங்கள். யூரியாவை அள்ளி வீசுவதும் தகாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக அது நாம் பருகும் கிணற்றிற்கே சென்றடையும். நம் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நாள்தோறும் மேலாகத் தெளிப்பதிலும், இரண்டு மூன்று நாளைக்கொருமுறை வேர் நனைய ஊற்றுதல் சிறந்தது. மாரியில் இலைகள் நெடுநேரம் ஈரமாயிருந்தால் கரும்புள்ளி நோய் பற்றும்; பழைய ரோசாவும் இதற்கு விலக்கன்று. புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுக. சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் செஞ்சிலந்திப் பேன் இலையின் அடிப்புறத்தில் கூடும். விடியற்காலையில் அவ்விடத்தை நீரால் கழுவினாலே பெரும்பாலும் நீங்கும். மழை ஓய்ந்த தை மாதத்தில் காய்ந்த கொப்புகளையும், மற்றவற்றில் மூன்றிலொரு பங்கையும் கழித்துவிட்டால் போதும்.

தடி நடுதற்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஏற்றவை. பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கொப்பில் ஏழெட்டு அங்குல நீளத்திற்கு, ஒரு கணுவின் கீழே சரிவாக வெட்டுங்கள். இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு மணல் கலந்த மண்ணில் நட்டு, மேல்நுனியில் சிறிது சாணியை உருட்டி வைத்து, நிழலில் விடுங்கள். ஒன்றரை மாதத்தில் வேர்விடும். அவ்வாறு வளர்வது தாய்ச்செடியின் பிள்ளையன்று, தாய்ச்செடியே அது. ஒரே உயிர் ஈரிடத்தில் நிற்கின்றது என்பதே உண்மை.

இவ்வுண்மையை நான் நூலிற் கற்றதற்கு முன்பே வாழ்விற் கற்றேன். எங்கள் வீடு கோப்பாயில். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் புறப்பட்டபோது நாங்களும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, மீசாலையிலிருந்த சிறியதாயார் வீட்டை அடைந்தோம். விடிந்ததும் என் அன்னையார் அவ்வீட்டு முற்றத்தில் ஒரு ரோசாச் செடியின் முன் நின்றார். "அக்கா, நீங்கள் தந்த தடிதான் இது" என்றார் சிறியதாயார். பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததை என் அன்னையார் மறந்தே போயிருந்தார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பியபோது எங்கள் முற்றத்துச் செடி இடிந்த சுவரின் கீழ்க் கிடந்தது. மீசாலையிலிருந்து கொண்டுவந்த தடியையே அவ்விடத்தில் நட்டோம்.

2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்குச் சென்றது. இம்முறை சிறியதாயார் எங்கள் வீட்டிற்கு வந்தார். 2002இல் அவர் மீண்டும் சென்று பார்த்தவேளை, அங்கே வீடுமில்லை, செடியுமில்லை. எங்கள் முற்றத்திலிருந்து ஒரு தடி மீசாலைக்குப் போயிற்று. இன்று அவ்விருவரும் இல்லை. இரண்டு முற்றங்களிலும் அச்செடி பூக்கின்றது. எவர் எவருக்குக் கொடுத்தார் என்று இனிக் கணக்கிட இயலாது.

ஆகவே நேயர்களே, இவ்வாண்டு மாரியில் மூன்று தடிகள் வெட்டுங்கள். ஒன்றை உங்கள் வளவில் நடுங்கள். ஒன்றை அயல்வீட்டிற்குக் கொடுங்கள். மூன்றாவதை வேற்றூரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்புங்கள். ஒரே முற்றத்தில் மட்டும் நிற்கும் செடி, அம்முற்றத்தோடு அழியக்கூடும். கொடுத்து வைத்த செடியோ என்றேனும் நம்மிடம் திரும்பி வரும்.