இறந்த பாட்டரியும் இறவாத நான்கும்

காலையில் நேரத்துக்குப் புறப்பட்டு வந்து, காரில் அமர்ந்து சாவியைத் திருப்புகிறோம். எஞ்சின் உறுமவில்லை. உள்ளே எங்கோ 'டக், டக்' என்று பல்லி சொல்லுவதுபோல் ஓர் ஒலி மட்டும் கேட்கிறது. முகப்பு விளக்கு, மாடத்தில் ஏற்றிய அகல்போல் மங்கி எரிகிறது. அருகில் நிற்பவர்களுள் ஒருவர், "பாட்டரி செத்துப்போயிற்று" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். நாமும் அத்தீர்ப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளுகிறோம்.

அந்தச் சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில், அச்சொல்லை நம்பியதனாலேயே என் சிற்றப்பா ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்.

1984-ஆம் ஆண்டு, தை மாதம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக இரவு முழுவதும் காரில் பயணம் செய்துகொண்டிருந்தோம். விடிவதற்குச் சற்று முன்பு, புதுக்கோட்டைச் சாலையில் ஓர் இரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை நிறுத்தினோம். கேட் திறந்த பிறகு வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. டிரைவர் பாட்டரியின் மூடிகளைத் திருகித் திறந்துவிட்டு, தண்ணீர் கேட்டுவர கேட்மேன் அறைக்குச் சென்றார். சிற்றப்பாவுக்கோ பொறுமை இல்லை. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். "தம்பி, தீப்பெட்டி இருந்தால் கொடு" என்று கை நீட்டினார். "பாட்டரி அருகில் நெருப்பா, சித்தப்பா?" என்று கேட்டேன். "அதுதான் செத்துக் கிடக்கிறதே, அது என்ன செய்யும்?" என்று சிரித்தார். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நானே.

குச்சி கிழித்த மறுகணம் வேட்டுச் சத்தம்போல் ஓர் ஓசை. பாட்டரியின் மேல்மூடி சிதறிவிட்டது. சிற்றப்பா இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். பக்கத்து வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அங்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். ஒரு வார்த்தையும் கேளாமல், சிற்றப்பாவின் பிடரியைப் பிடித்து இழுத்துச் சென்று, தொட்டியில் கொட்டும் நீரில் முகத்தைக் காட்டச் செய்து, இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார். "போதும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று நான் பதறியபோதும் அவர் விடவில்லை. நெடுநேரம் அங்ஙனம் கழுவிய பின்னரே விட்டார். வலக்கண் பிழைத்தது அந்த நீரால்தான் என்று பின்னர் மருத்துவர் கூறினார். இடக்கண்ணில் மட்டும் வெண்படலம் நிலைத்துவிட்டது.

அன்று நடந்தது என்ன என்பதை நான் அறிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. அறிந்ததைச் சொல்லுகிறேன்.

பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு ஒரு மின்கலம் செய்தார். தீர்ந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்றிக்கொள்ளும் கலம் அது. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் காரில் இடம்பெற்றது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை நாளடைவில் ஒழிந்தது. பாட்டரி காரின் இன்றியமையாத உறுப்பாயிற்று. இன்றைய கார்களில் உள்ள பாட்டரியும் பெரும்பாலும் பிளாண்டேயின் வழிவந்ததே. அதற்குள் ஆறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய 2 வோல்ட்டு; ஆறும் சேர்ந்து 12 வோல்ட்டு.

மின்சாரத்தைச் செலவிடும்போது, அமிலத்தில் உள்ள கந்தகப் பகுதி தகடுகளில் சென்று படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்சாரம் ஏற்றும்போது அது தகடுகளை விட்டு மீண்டும் நீரில் கலக்கிறது. பாட்டரி 'செத்துப்போயிற்று' என்றால், எஞ்சினைச் சுழற்றத் தேவையான நூறு, இருநூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தர அதனால் இயலவில்லை என்பதே பொருள். வேறு பொருள் இல்லை. காரை ஓட்டும் வல்லமை மட்டுமே அதனிடமிருந்து போயிருக்கிறது. தீங்கு செய்யும் வல்லமை போகவில்லை. இறந்த பாட்டரியிலும் இறவாதவை நான்கு. அவை வாயு, அமிலம், மின்னோட்டம், ஈயம்.

முதலாவது வாயு. மின்சாரம் ஏறும்போது, சிறப்பாக அளவுக்கு மிஞ்சி ஏறும்போது, பாட்டரியில் உள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிப்படுகின்றன. ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். எங்கள் கார் இரவு முழுவதும் ஓடி, பாட்டரியில் வாயுவை நிரப்பியிருந்தது. தண்ணீர் குறைந்திருந்தமையால் கலங்களின் மேற்பகுதியில் வாயு தங்க இடமும் மிகுதியாக இருந்தது. அதன் வாயிலில் நாங்கள் தீக்குச்சியை நீட்டினோம். பாட்டரியைப் பார்க்க டார்ச் விளக்கே போதும். சிகரெட்டும், தீக்குச்சியும், ஊதுவத்தியும் அதன் அருகில் வரலாகாது.

இரண்டாவது அமிலம். மின்சாரம் இறங்கிய பாட்டரியில் அமிலம் நீர்த்திருக்குமேயன்றி, முற்றிலும் தண்ணீராகிவிடுவதில்லை. துணியில் பட்டால் அது பொத்தலாகும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணில் பட்டவுடன் செய்ய வேண்டியது, அந்தப் பெரியவர் செய்ததே. இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான ஓடும் நீரில் இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவ வேண்டும். குழாய் இல்லாவிட்டால் செம்பினால் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அதன் பிறகு கண் மருத்துவரிடம் விரைந்து செல்ல வேண்டும். தாய்ப்பால் விடுவதும், விளக்கெண்ணெய் விடுவதும் நம் பக்கத்து வழக்கங்கள். அவற்றுக்கு இங்கு இடமில்லை. பாட்டரியின் மேலோ தரையிலோ சிந்திய அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் முறிக்கலாம். அந்தச் சோடாவைக் கண்ணில் மட்டும் விடலாகாது.

மூன்றாவது மின்னோட்டம். 12 வோல்ட்டு நம் உடலை அதிரச் செய்யாது. அதனாலேயே நாம் அதை மதிப்பதில்லை. ஆனால் நேர் முனையை முடுக்கும்போது ஸ்பானரின் மறுநுனி காரின் இரும்பில் பட்டால், அக்கணமே பொறி பறக்கும்; ஸ்பானர் சுடும். விரலில் உள்ள மோதிரம் அந்த வழியில் அகப்பட்டுக்கொண்டால், சதையோடு சேர்ந்து வெந்துவிடும். காரைக் கிளப்பப் போதாத மின்சாரம் இதற்குப் போதும். ஆகவே, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே பானெட்டுக்குள் கைவிட வேண்டும். பாட்டரியைக் கழற்றும்போது, காரின் உடலோடு இணைந்துள்ள எதிர் முனையை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுக. இம்முறையில் ஸ்பானர் காரின் இரும்பில் பட்டாலும் தீங்கு நேராது.

நான்காவதாகிய ஈயத்தைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். அதற்குமுன், கிளம்பாத காரை வேறொரு காரின் துணையால் கிளப்பும் முறையைக் கூறிவிட வேண்டும். விபத்துகள் பல அங்கே காத்திருக்கின்றன.

முதலில் பாட்டரியைக் கூர்ந்து நோக்குங்கள். அதன் பெட்டி வெடித்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வீசினாலோ அதைத் தொடவே வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், குற்றம் அந்தப் பூப்பில் மட்டும் இருக்கக்கூடும். விளக்கு பளிச்சென்று எரிந்தும் வண்டி கிளம்பவில்லையாயின், தளர்ந்த இணைப்பையோ ஸ்டார்ட்டரையோ ஐயுற வேண்டும்.

துணைக்கு வரும் காரின் பாட்டரியும் அதே வோல்ட்டு உடையதாக இருத்தல் வேண்டும். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டின் எஞ்சினும் விளக்குகளும் அணைந்திருக்கட்டும். மூக்குக் கண்ணாடியாவது அணிந்துகொள்ளுங்கள். முகத்தைப் பாட்டரிக்கு நேர்மேலே கொண்டுபோகாதீர்கள். ஜம்பர் கேபிள் என்று கடைகளில் விற்கும் கம்பிகள் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இருக்கும். அவற்றுக்கு நான்கு கவ்விகள்.

சிவப்புக் கம்பியின் ஒரு கவ்வியை இறந்த பாட்டரியின் நேர் முனையில் மாட்டுக. மறு கவ்வியை நல்ல பாட்டரியின் நேர் முனையில் மாட்டுக. பிறகு கறுப்புக் கம்பியின் ஒரு கவ்வியை நல்ல பாட்டரியின் எதிர் முனையில் மாட்டுக. எஞ்சியிருப்பது ஒரே கவ்வி. அதை இறந்த பாட்டரியில் மாட்டவே நம் கை தானாகச் செல்லும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். அதை, கிளம்பாத காரின் எஞ்சினில், பாட்டரிக்குச் சற்றுத் தொலைவில், வண்ணம் பூசாத கனத்த உலோகப் பகுதி ஒன்றில் மாட்டுக.

ஏன் இந்தச் சுற்றுவழி? கடைசிக் கவ்வியைப் பொருத்தும்போதுதான் மின்வட்டம் முற்றுப்பெறுகிறது. அப்போது ஒரு பொறி தோன்றக்கூடும். அப்பொறி வாயு சூழ்ந்த இடத்தில் தோன்றலாகாது. பாட்டரியின் அருகில் தோன்றும் சிறு பொறிக்கும் அன்று நான் கொடுத்த தீக்குச்சிக்கும் வேற்றுமை இல்லை.

இனி நல்ல காரை இயக்கிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மற்றதைக் கிளப்பிப் பார்க்கலாம். கிளம்பியதும், மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுக. கடைசியில் மாட்டிய கறுப்புக் கவ்வியே முதலில் விடுபட வேண்டும். கவ்விகள் தம்முள் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பைக் கறுப்பின் இடத்தில் மாற்றி மாட்டினால், ஆல்டர்னேட்டரும், இக்காலத்துக் கார்களில் உள்ள கணினிப் பகுதியும் பழுதாகிவிடக்கூடும். சில கார்களில் பாட்டரி பின்பெட்டியிலோ இருக்கையின் அடியிலோ இருக்கும்; கவ்வி மாட்டத் தனி இடமும் குறிக்கப்பட்டிருக்கும். மின்சாரக் கார்களுக்குரிய விதிகளும் வேறானவை. ஆதலின் காருடன் வந்த கைந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம். அது பெரும்பாலோரிடம் உறை பிரிக்காமலே இருக்கும்.

இரண்டு மூன்று முயற்சிகளிலும் கிளம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். கிளம்பிவிட்டாலும் பாட்டரி நலம் பெற்றதாக எண்ண வேண்டாம். கடைவீதி வரை ஓட்டிவிட்டு வருவதால் அது நிரம்பிவிடாது. மின்சாரம் இறங்கிய நிலையிலேயே பல நாள் கிடந்தால், தகடுகளில் படிந்த பொருள் இறுகிப் பாறையாகிவிடும். எனவே முறையாக மின்சாரம் ஏற்றிச் சோதித்துவிடுவதே நல்லது. மூடி திறக்கும் வகையாயின், குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும், அமிலத்தை ஊற்றலாகாது. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் பாட்டரியும் பெரும்பாலும் இதே இனந்தான். காற்றோட்டமில்லாத மூலையிலும், சுவாமி விளக்கின் அருகிலும் அதை வைப்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி ஈயம். பாட்டரியின் மற்ற மூன்று இயல்புகளும் அருகில் நிற்பவரைத்தான் தாக்கும். ஈயம் அவ்வாறன்று, அது நாம் காணாத பிள்ளைகளைச் சென்று தாக்கும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகராகிய டாக்கரை அடுத்து தியாரோயே என்னும் ஊர் உள்ளது. பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பது அங்குச் சிலருக்குப் பிழைப்பாக இருந்தது. அவ்வூர் மண்ணில் ஈயத் துகள் கலந்தது. 2007-ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையே அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

அதே ஈயத்தைத் தக்க ஆலையில் உருக்கினால், அது மீண்டும் புதிய பாட்டரியாகிவிடும். நம் நாட்டில் இதற்கென 2001-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன; அவற்றுக்கு மாற்றாக 2022-ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. பழைய பாட்டரியைத் திரும்பப் பெற்று, மறுசுழற்சிக்கு அனுப்புதலே அவற்றின் நோக்கம். புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். விலையிலும் ஒரு பகுதி குறையும். ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தெருவில் வருபவரிடம் போடுவதும், எடை குறைய அமிலத்தைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கவிழ்ப்பதும் பெரும் பிழை. பாட்டரியைச் சாய்க்காமல், நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

சிற்றப்பா அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தார். "தீப்பெட்டியைக் கொடுத்தவன் இவன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எவர் புதிதாகக் கார் வாங்கினாலும், அவர் ஒரு டார்ச் விளக்கைக் கொண்டுவந்து முன்னிருக்கையில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அவர் கொடுத்த டார்ச் இன்றும் என் காரில் இருக்கிறது. உங்கள் காரிலும் ஒன்று இருக்கட்டும்.