வழி கேட்டு வரும் தம்பிக்கு வழிகாட்டுங்கள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில், புதிதாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத்தான் அறிவுரை சொல்வோம். சீனியர்களிடம் வம்பு வைத்துக்கொள்ளாதே, யாராவது மிரட்டினால் உடனே வீட்டுக்குச் சொல் என்போம். இன்று நான் பின்வரிசையில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேச விரும்புகிறேன். நம் பிள்ளைகள் ராகிங்கில் சிக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். அதைச் செய்கிறவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கலாம் என்பதை மட்டும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதை நான் யாரையும் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நானே அப்படி ஓர் அறையில் இருந்தவன்.

1984இல் நான் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு கிராமத்துப் பையன் தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். தமிழ்வழியில் படித்தவன். ஒருநாள் இரவு அவனை நாற்காலி மேல் ஏற்றி, ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றச் சொன்னார்கள். அவன் தடுமாறிய ஒவ்வொரு சொல்லுக்கும் அறையே அதிர்ந்தது. அவன் சொன்ன ஒரு தவறான சொல்லையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். நான் அவனைத் தொடவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். இஷா தொழுதுவிட்டுத்தான் அந்த அறைக்குப் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வாரம் அவனுடைய அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனை அழைத்துப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். ஊரில் உரக்கடை வைத்திருந்தார். தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஒண்ணும் பண்ணலையே அண்ணே, கதவோரமா நின்னு சிரிச்சீங்க, அவ்வளவுதானே" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நான் எந்த இடத்தில் நின்று சிரித்தேன் என்பது அவருக்கு நினைவிருந்தது.

தம்பிகளே, "பழகுவதற்காகத்தான் செய்கிறோம், கூச்சம் போய்விடும்" என்று நீங்கள் சொல்வீர்கள். "எங்களுக்கும் இப்படித்தான் செய்தார்கள்" என்றும் சொல்வீர்கள். உங்களுக்குச் செய்தவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். அவரிடம் தீர்க்க முடியாத கணக்கை, உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒருவனிடம் தீர்ப்பது எந்த வகையில் நியாயம்? திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடை செய்திருக்கிறது. கேலி செய்யப்படுபவர் கேலி செய்பவரைவிட மேலானவராக இருக்கலாம் என்றும் அது எச்சரிக்கிறது. விடுதி அறைக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு இல்லை.

விளையாட்டு என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் துணைவேந்தர் பொறுப்பு வகித்த ஒரு கல்வியாளரின் மகன். அவருக்கே அந்தக் கதி என்றால், கேட்பதற்கு ஆளில்லாத ஏழை வீட்டுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு, வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியர்களால் தாக்கப்பட்டு இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிகளைக் கொண்டுவந்தது. மாணவரும் பெற்றோரும் தருகிற உறுதிமொழிப் பத்திரம் அந்த விதிகளின்படி வந்ததுதான். பெற்றோர்களே, அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பிள்ளை பிறரைத் துன்புறுத்த மாட்டான் என்று நீங்களும் அதில் உறுதி தருகிறீர்கள். மதம், சாதி, நிறம், மொழி, ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லி அவமதிப்பதும் ஒதுக்கிவைப்பதும்கூட ராகிங்தான் என்று 2016இல் விதிகளில் சேர்த்துவிட்டார்கள்.

சட்டத்துக்கு அஞ்சிச் சும்மா இருப்பது குறைந்தபட்சக் கடமை. நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது அதைவிட அதிகம்.

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். மக்காவிலிருந்து முஹாஜிர்கள் வெறுங்கையோடு மதீனாவுக்கு வந்தார்கள். ஊர் புதிது, தொழில் இல்லை, வீடு இல்லை. மதீனாவின் அன்சாரிகள்தான் அந்த ஊரின் சீனியர்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முஹாஜிரையும் ஓர் அன்சாரியையும் சேர்த்துச் சகோதரர்களாக்கினார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களோ ஸஅதுக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள். பின்னாளில் பெரும் வணிகராக உயர்ந்தார்கள்.

உங்கள் கல்லூரிக்கு வரும் புதிய மாணவனும் வழி மட்டும்தான் கேட்கிறான். பஸ் பாஸ் எங்கே வாங்குவது, மெஸ் கட்டணம் எப்போது கட்டுவது, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் புரியாவிட்டால் எந்தப் பேராசிரியரிடம் கேட்கலாம், இவைதான் அவனுக்கு வேண்டியவை. உங்கள் பழைய புத்தகங்களையும் குறிப்பேடுகளையும் கொடுங்கள். அவன் எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்காதீர்கள். வந்த முதல் வாரம் எல்லோருக்கும் வயிற்றைப் பிசைகிற வாரம்தான். தங்கைகளே, பெண்கள் விடுதியில் உடையையும் நிறத்தையும் சொல்லிச் சிரிப்பதும் இதே குற்றம்தான். இது உங்களுக்கும் சேர்த்துச் சொன்னது.

"நான் செய்யவில்லை, மற்றவர்கள் செய்தால் நான் என்ன செய்ய முடியும்" என்று கேட்கலாம். அநீதிக்கு ஆளானவருக்கு மட்டுமல்லாமல் அநீதி செய்பவருக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அநீதி செய்பவருக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, அதைச் செய்யவிடாமல் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். உங்கள் நண்பனின் தோளில் கைபோட்டு "போதும்டா, வா போகலாம்" என்று அழைத்து வந்துவிடுங்கள். அந்தப் புதியவனையும் காப்பாற்றுகிறீர்கள், உங்கள் நண்பனின் எதிர்காலத்தையும் காப்பாற்றுகிறீர்கள். 1984இல் நான் சொல்லாமல் விட்ட சொல் அது.

புதிய மாணவர்களுக்கு ஒன்று மட்டும். துன்பம் வந்தால் மறைக்காதீர்கள். வாப்பா வருத்தப்படுவார், படிப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்து உள்ளுக்குள் புதைக்காதீர்கள். விடுதிக் காப்பாளரிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ சொல்லுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இரவும் பகலும் இயங்குகிறது.

இன்று இங்கே காசோலை வாங்கும் ஒவ்வொரு சீனியரிடமும் அறக்கட்டளை கேட்பது ஒன்றுதான். இந்த ஆண்டு உங்கள் கல்லூரிக்கு வரும் ஒரு புதிய மாணவரை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதே நிகழ்ச்சிக்கு வரும்போது, அவர் எப்படிப் படிக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். ஊர் மக்களின் ஸதகாவில் படிக்கும் நாம் திருப்பித் தரக்கூடிய முதல் தவணை அதுதான்.

நம் நாவாலும் கையாலும், நம் சிரிப்பாலும்கூட, எவருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.