சூரியன் சற்றே மங்கினால்



மார்கழிக் குளிரில் தில்லி வீடுகளின் மொட்டை மாடிகளில் வெயில் காயும் தமிழ்க் குடும்பங்களை நாம் காண்கிறோம். ரஜாயை உலர்த்தியவாறே, "இந்தச் சூரியனுக்கு என்ன வந்துவிட்டது, சூடே இல்லையே?" என்று பாட்டிமார் அலுத்துக்கொள்வதையும் கேட்டிருக்கிறோம். உண்மையில் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலையில் அத்தொலைவு 15 கோடியே 21 லட்சம். எனவே ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்கு வந்து சேரும் ஒளி நூற்றுக்கு ஏழு பங்கு அதிகம். தில்லி குளிர்வது பூமியின் அச்சுச் சாய்வினால், வெயில் சரிந்து விழுவதாலும் பகல் குறுகுவதாலும் ஆகும்.

ஆயினும் பாட்டியின் ஐயம் தள்ளத்தக்கதன்று. சூரியன் மெய்யாகவே மங்கினால் என்ன ஆகும்?

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேர் எதிரே ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1361 வாட். இதற்குச் 'சூரிய மாறிலி' என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்று உறுத்துகிறது. ஏனெனில் அது மாறுகிறது. 1978 முதல் செயற்கைக் கோள்கள் அளந்து வந்ததில், சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியில் அது ஆயிரத்தில் ஒரு பங்களவே ஏறி இறங்குவது தெரிந்தது. அப்புள்ளிகளை நம் கோடைக்கானல் ஆய்வுக்கூடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே படம்பிடித்து வருகிறது.

இனி, நூற்றில் ஒரு பங்கு நிலையாகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு பொருள் வெளியே வீசும் ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது பௌதிக விதி. ஆதலால் வரவு நூற்றுக்கு ஒன்று குறைந்தால், வெப்பநிலை நூற்றுக்குக் கால் பங்கு தாழ்ந்தாலே செலவு சரிக்கட்டிவிடும். இங்கே வெப்பநிலையை நீர் உறையும் நிலைக்கும் 273 பாகை கீழிருந்து எண்ணவேண்டும். அவ்வாறு எண்ணினால் பூமியின் சராசரி 288 பாகை. அதில் நூற்றுக்குக் கால் பங்கு என்பது முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு.

கணக்கு இத்துடன் நிற்பதில்லை. காற்று குளிர்ந்தால் அது தாங்கும் நீராவி குறையும். நீராவி பூமியின் ரஜாய் அல்லவா? அது மெலியும். பனி பரந்து, வெயிலை வானுக்கே திருப்பி அனுப்பும். ஒன்றை ஒன்று தூண்ட, குளிர்ச்சி இரண்டு பாகையை எட்டக்கூடும். கடல்கள் வெப்பத்தைச் சேமித்து வைத்திருப்பதால், அது முற்றாக வந்து சேர நூற்றாண்டுகள் ஆகும்.

1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் மிக அரிதாயின. அக்காலத்தில், 1683-84ஆம் ஆண்டுக் குளிரில், இலண்டனின் தேம்ஸ் நதி உறைந்து அதன்மேல் சந்தையே கூடியது. ஆனால் குளிருக்கான பழி முழுவதையும் சூரியன்மீது சுமத்துவது நியாயமன்று. எரிமலைகளுக்கும் அதில் பங்குண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அதன் தூசியும் கந்தகப் புகையும் வெயிலை மறைத்ததால், 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை பொய்த்துப் பயிர்கள் அழிந்தன. அன்று சூரியன் மங்கவில்லை. இடையில் திரை விழுந்தது.

சூரியன் மீண்டும் அவ்வாறு உறங்கி, இன்றைய வெப்பத்தைத் தணித்துவிடும் என்று நம்புவோர் இருக்கிறார்கள். வைகாசி வெயிலில் நாகபுரியிலும் தில்லியிலும் கட்டடச் சாரங்களில் நின்று உழைக்கும் நம்மவர்க்கு இந்த நம்பிக்கையை ஆறுதலாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அத்தகைய உறக்கம் தரக்கூடிய தணிவு, பாகையில் பத்திலொரு பங்கு முதல் மூன்று பங்கு வரைதான். காற்றில் பத்து லட்சத்துக்கு 280ஆக இருந்த கரியமிலவாயுவோ 420ஐத் தாண்டிவிட்டது. பூமியும் ஒரு பாகைக்குமேல் சூடேறியிருக்கிறது. சூரியன் விழித்துக்கொண்டால் தந்த சலுகையைத் திரும்பப் பெற்றுவிடும். அதற்கிடையில் நாம் காற்றில் விட்ட கரியமிலவாயுவின் கணிசமான பகுதி அங்கேயே இருக்கும்.