சான்றோடு பேசுவோம்



நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், கல்லூரி மாணவர் தம் மேடைப் பேச்சுக்குச் செய்திகளைத் திரட்டும் முறை பற்றிச் சில கூற விழைகின்றோம். இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும், பிறர் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் மறதி என்று பொறுத்துக்கொள்ளும் இவ்வுலகம், நாம் தவறினால் நாம் கூறிய உண்மைகளையும் சேர்த்தே தள்ளிவிடும். ஆதலின் சான்றே நமக்குக் கவசம்.

பூனா ஒப்பந்தம் பற்றிப் பேசுமாறு ஆசிரியர் பணித்தார் என்று கொள்வோம். அம்பேத்கரும் காந்தியடிகளும் அதில் கையொப்பமிட்டனர் என்று மேடைகளில் பலர் முழங்கக் கேட்டிருக்கின்றோம். ஒப்பந்தத்தின் மூல வாசகத்தை எடுத்துப் பாருங்கள். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான அவ்வேட்டில், எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பிருந்த காந்தியடிகளின் கையொப்பம் இல்லை. மதன் மோகன் மாளவியா, இராசகோபாலாச்சாரியார் முதலியோரும், டாக்டர் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. ராஜா முதலியோரும் ஒப்பமிட்டுள்ளனர். ஆகவே மூல ஆவணத்தை முதலில் தேடுதல் வேண்டும்.

அடுத்து, எண்களை நாமே கூட்டிப் பார்த்தல் வேண்டும். மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் சென்னைக்கு 30, வங்கத்திற்கு 30, ஐக்கிய மாகாணத்திற்கு 20, மத்திய மாகாணத்திற்கு 20, பீகார் ஒரிசாவிற்கு 18, சிந்து உள்ளிட்ட பம்பாய்க்கு 15, பஞ்சாபிற்கு 8, அசாமிற்கு 7. ஆக 148. வேறொரு நூல் 151 என்று சொன்னால் திகைக்க வேண்டா. அது 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொகை. எந்த எண் எந்த ஆவணத்திற்கு உரியது என்று சொல்லத் தெரிந்தவரை எவரும் மடக்க இயலாது.

மூன்றாவதாக, எழுதியவர் யார், எப்பக்கம் நின்று எழுதினார் என்று அறிதல் வேண்டும். காந்தியடிகளின் செயலாளர் பியாரேலால் அவ்வுண்ணாநோன்பைப் பற்றி 1932இல் ஒரு நூல் எழுதினார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று வினவி டாக்டர் அம்பேத்கர் 1945இல் ஒரு நூல் எழுதினார். இரண்டையும் படியுங்கள். இரண்டும் ஒத்துக்கூறும் செய்தியை உறுதியோடு சொல்லுங்கள். மாறுபடும் இடத்தில் இன்னார் கூற்று இது என்று பெயர் சுட்டிச் சொல்லுங்கள். நம் தலைவர் கூற்றையும் அவ்வாறே சுட்டுவதால் அவர் பெருமை குறையாது.

இந்நாளில் கைப்பேசியைத் தொட்டால் நூறு பக்கங்கள் வந்து நிற்கின்றன. ஒருவர் செய்த பிழையைப் பத்துப்பேர் படியெடுத்தால் அது பத்துச் சான்றாகிவிடாது. ஆசிரியர் பெயரும் ஆண்டும் ஆதாரமும் இல்லாத செய்தியை ஒதுக்குங்கள். மராட்டிய அரசு 1979 முதல் வெளியிட்ட அம்பேத்கர் நூல் தொகுதிகள் உள்ளன. அவற்றின் தமிழாக்கமும் உண்டு. சென்னையில் கன்னிமாரா நூலகமும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் உள்ளன. நூலகரிடம் கேட்கக் கூச வேண்டா. கேட்பது நம் உரிமை.

இவ்வாறு தேடிப் படிப்பவர்க்கு ஒரு பயன் கிட்டும். பூனா ஒப்பந்தம் என்றால் தேர்தல் இடங்களை மட்டுமே பலரும் பேசுவர். அதன் ஒன்பதாம் பிரிவோ, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து நம் மக்களின் கல்வி வசதிக்குப் போதிய தொகையை ஒதுக்க வேண்டும் என்கிறது. கல்விக்கென அமைந்த இக்கழகத்தின் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பிரிவு அது. பிறர் பேச்சைக் கேட்டு மட்டும் பேசுவோர்க்கு அது கண்ணிற் படுவதில்லை. மூலத்தைப் புரட்டுவோர்க்கே அகப்படும்.

இளைஞர்களே, அடுத்த முறை மேடை ஏறும்போது, இந்த ஆவணத்தின் இந்தப் பிரிவு இவ்வாறு கூறுகிறது என்று தொடங்குங்கள். அவை அமைதியாகக் கேட்கும்.