மலைநாட்டு நீரும் டீசல் புகையும்

மலை வீதியில் வாகனம் ஓடுவது சமவெளியில் ஓடுவது போன்றதன்று. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே ஹட்டன் நகரம் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையிலிருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. காற்றுக் குறைந்தால் பழைய டீசல் இயந்திரத்தில் எண்ணெய் முற்றாக எரிவதில்லை. எரியாத கரி கரும்புகையாக வெளிவருகின்றது. சுமையுடன் ஏற்றம் ஏறும் பஸ் வண்டிகளிலே இக்குறை மேலும் பெருகுகின்றது. குளிர்ந்த காலை வேளையில் அப்புகை மேலெழாது பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடுகின்றது. கொழுந்து பறிக்க மலைக்குச் செல்லும் பெண்களும் பாடசாலைக்கு நடக்கும் சிறுவர்களும் அதனையே சுவாசிக்க நேர்கின்றது.

இதற்குப் பரிகாரம் தேடப்படாமலில்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் இலங்கையில் கைவிடப்பட்டது. 2008ஆம் ஆண்டு தொடக்கம் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. இவை நற்செயல்களே. ஆயினும் பரிசோதனை புகையைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. அன்றியும், டீசல் கடல் கடந்து வரவேண்டிய பொருள். 2022ஆம் ஆண்டில் அது கிடைக்காதபோது பஸ் வண்டிகள் நின்றன. தோட்டத்து நோயாளர் வைத்தியசாலைக்குச் செல்வதும் பெரும்பாடாயிற்று.

புகையற்ற சக்தியோ இம்மலைகளிலேயே பிறக்கின்றது. இந்நாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்சபானை மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுள் எழுந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது, அந்நகரின் கோவிற் கட்டடங்கள் இன்றும் வெளித்தோன்றுவதுண்டு.

மின்சார பஸ் இலங்கைக்குப் புதியதன்று. கொழும்பு மாநகரில் 1953 முதல் 1964 வரை மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் ட்ரொலி பஸ்கள் இருந்தன. இக்காலத்து மின்சார பஸ்ஸுக்குக் கம்பியும் வேண்டியதில்லை. மின்கலத்தைச் சுமந்தே ஓடும். மலைப்பாதைக்கு அதில் ஒரு தனிச் சிறப்புண்டு. இறக்கத்தில் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, மோட்டாரே மின் உற்பத்திப் பொறியாகி மின்கலத்திற்கு ஓரளவு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றது. டீசல் வண்டியிலோ அச்சக்தி பிரேக்கின் வெப்பமாக வீணாகின்றது.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். நாட்டின் மின்சாரம் முழுவதும் நீரிலிருந்து வருவதன்று. நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு முதல் நிலக்கரியும் எரிகின்றது. மழை குறைந்த மாதங்களில் வண்டிகளுக்கு மின்னேற்றினால், மலையில் தவிர்த்த புகை புத்தளத்தில் எழலாம். ஆதலின் பகல் வெயிலின் மின்சாரத்தையும் துணைகொள்ளுதல் அவசியம். விலையும் அதிகம். எனவே, வசதி படைத்தோரின் கார்களுக்கு முன்னர் பலரும் ஏறும் பஸ்ஸுக்கே அரசாங்க உதவி சேர வேண்டும்.

அத்தகைய முயற்சி மலைநாட்டில் தொடங்குமாயின், ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா செல்லும் வீதி அதற்கு உகந்தது. நாட்டின் விளக்குகள் எரிவதற்காகத் தமது ஊரையே நீருக்குக் கொடுத்த மக்கள் அங்கே வாழ்கின்றனர். அம்மின்சாரத்தின் ஒரு பகுதி அவர்கள் ஏறும் பஸ்ஸையும் ஓட்டுவது நியாயமன்றோ?